அசல் பிரேக்

பழைய கார்களில் மாற்றம் செய்வதற்கு நான் எதிரானவன் அல்லன், ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மழைத் துடைப்பானின் ரப்பரை நானே மாற்றியிருக்கிறேன்.

எங்கள் கார் 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். பாசிப்பச்சை நிறம். என் மாமனார் அதைத் தம் மகள் மைமூனாவுக்குச் சீதனமாகக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவான் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிவாசல்துறையில் நான் நுழைந்த வீடு அவளுடையது, கிணறு அவளுடையது, மாணவர்களின் கட்டுரைகளை நான் உட்கார்ந்து திருத்திய கதிரைகூட அவளுடையது. காரின் பதிவும் அவள் பெயரில்தான். ஆனால் அதைக் கழுவியவன் நான். உரிமை என்பதைப் பத்திரம் எழுதுகிறவர்கள் ஒருவிதமாகவும், கழுவுகிறவர்கள் வேறுவிதமாகவும் விளங்கிக்கொள்கிறார்கள்.

சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து அது கொட்டகையிலேயே கிடந்தது. நானும் பெரும்பாலும் அங்கேயே கிடந்தேன். பிறகு சண்டை முடிந்தது. வீதிகளுக்குத் தார்க் காப்பட் போட்டார்கள். மைமூனாவின் தம்பி றஸீன் கட்டாரில் ஏதோ ஒரு கராஜில் வேலைசெய்துவிட்டு ஞானத்தோடு திரும்பினான்.

“மச்சான், இது மாட்டுவண்டி ரோட்டுக்குச் செஞ்ச பிரேக். இப்ப லொறிக்காரன் பறக்குறான். முன்னுக்கு டிஸ்க் பிரேக் போடுவம். எஞ்சினையும் ஜப்பான் எஞ்சினா மாத்துவம்.”

“அப்ப அசலா என்னடா மிஞ்சும்?” என்று கேட்டேன்.

“நீங்க மிஞ்சுவீங்களே மச்சான்.”

மைமூனா சிரித்தாள். அவள் அவ்வளவு நேரம் சிரித்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

நான் பொறுமையாகவே விளக்கினேன். தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மூலபாடத்தில் ஒரு சொல் வழக்கிழந்துபோனால் அதை வெட்டியெறிந்து புதுச்சொல்லை ஒட்டுவதில்லை. அடியில் குறிப்பு எழுதுகிறோம். பிரேக் தாமதமாகப் பிடித்தால் முன்கூட்டியே மிதிக்க வேண்டும். அதுதான் அடிக்குறிப்பு என்றேன்.

“அடிக்குறிப்ப லொறிக்காரன் வாசிக்கமாட்டான் மச்சான்” என்றான் றஸீன். படிக்காதவர்களுக்கும் சில வேளை நல்ல வசனம் வாய்த்துவிடுகிறது.

இந்த மாற்றத்துக்குப் போகும் காசில் இன்னொரு காரே வாங்கலாம் என்று எடுத்துக்காட்டினேன். மைமூனா அதை ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டு, வண்ணாத்திவில்லுவில் அவளுக்கிருந்த தென்னங்காணியை விற்றாள்.

“வாப்பாட கார். ஓட்டாம வெச்சிக் கும்பிடச் சொல்றீங்களா? ஹராமில்லையா அது?” என்று கேட்டாள். மார்க்க விடயத்தில் நான் எவரோடும் தர்க்கிப்பதில்லை.

இங்கே எங்கள் கரையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து உப்பை அள்ளிவரும் கச்சான் காற்று தொடங்குமுன், கார் வைத்திருப்போர் எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஒயிலை அடிப்பகுதி முழுவதும் அடிப்பார்கள். உப்பு இரும்பைத் தின்னாதிருக்க அதைவிட மலிவான மருந்தில்லை. அவசரக்காரர்கள் சில்லுகளை மூடாமல் அடித்துவிடுவதுண்டு. ஒயில் பிரேக்குக்குள் வடியும். மறுநாள் யாருடைய மதிலிலாவது போய் நிற்பார்கள். ஊர் சிரிக்கும். அந்த வாரம் நானும் எங்கள் காருக்கு அடித்திருந்தேன். ஆகவே எங்கள் பிரேக்கில் ஒயிலைக் கண்ட வாகனப் பரிசோதகருக்கு வியப்பேதும் ஏற்படவில்லை. மரண விசாரணையில் எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். மாஸ்டருக்குக் கை தவறிவிட்டது, பாவம் என்றார்கள். நானும் மரியாதைக்குத் தலைகுனிந்துகொண்டேன்.

விபத்து என்ற அந்தத் தீர்ப்போடு நான் அடங்கியிருப்பேன். ஆனால் தீர்ப்பில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள்: இத்தகைய வாகனங்களின் அசல் பிரேக்குகள் இக்கால வீதிகளுக்குப் போதாதவை என்று. நாற்பதாம் நாள் கத்தம் ஓதியன்று வட்டிலாப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் கதைத்ததும் அதையே.

“டிஸ்க் போட்டிருந்தா ரெண்டு மௌத்தும் வந்திருக்காது.”

என் வீட்டில், என் காது கேட்க. இறந்தவனோடு வாதிட முடியாது, ஐயா. ஊர் முழுவதும் அவன் கட்சிக்குப் போய்விடுகிறது.

ஆகவே திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன். ஒயில் வடியவில்லை. சிலாபத்திலுள்ள கராஜுக்குக் காரைக் கொண்டுபோவதாக இருந்த வெள்ளிக்கிழமை காலை, நான்கு சில்லுகளையும் கழற்றி, பிரேக் ட்ரம்களைத் திறந்து, உள்ளேயிருந்த லைனிங்குகளில் தூரிகையால் ஒயிலைப் பூசினேன். வெளியே ஒரு துளி தெரியாமல் துடைத்துப் பூட்டினேன். பிறகு குளித்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். சுத்தம் எனக்கு முக்கியம்.

தொழுகை முடிந்து றஸீன் வந்தான். வாசற் படலையடியில் பிரேக்கை மிதித்தான். கார் தன்பாட்டில் உருண்டு வேலிக்கட்டையில் முட்டி நின்றது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

“பாத்தீங்களா மச்சான், நான் சொல்ல இல்லையா? கிழவிக்கு பிரேக்கே இல்ல. சரி, கியர்ல அடக்கி மெதுவாக் கொண்டு போறேன்.”

அந்தக் காரில் பிரேக் இல்லையென்று மாதக்கணக்காகச் சொல்லிவந்தவன் அவன். உண்மையிலேயே இல்லாமற்போனபோது ஐயப்பட அவனுக்குக் காரணம் இருக்கவில்லை. ஒருவனை அவனுடைய சொந்தக் கருத்தின்மீதே ஏற்றி அனுப்புவதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் மைமூனா வெளியே வந்தாள்.

“நானும் போறேன். சீட்டுத் துணிய நான்தான் பாத்து எடுக்கணும். இவன விட்டா சிவப்புல போடுவான்.”

அவளுடைய செருப்பில் ஒன்று கதவுக்குப் பின்னால் போயிருந்தது. நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் ஏறினாள். அந்தக் காரின் கதவை அறைந்து சாத்தக்கூடாது. கைப்பிடியை அழுத்தி மெல்லச் சாத்த வேண்டும். அதையும் நானே செய்தேன்.

“இஞ்சேருங்க, சோறு மூடி வெச்சிருக்கன். கறி ஆறமுந்தித் தின்னுங்க” என்றாள்.

தின்றேன்.

அவளைத் தடுத்திருக்கலாமே என்பீர்கள். தடுத்தால் காரணம் கேட்டிருப்பாள். மைமூனாவிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

பாலாவிச் சந்தியில் உப்பு ஏற்றிவந்த லொறி குறுக்கிட்டதும் பிறகு நடந்ததும் உங்கள் அறிக்கையில் இருக்கின்றன. அதில் இல்லாததை நான் சொல்கிறேன். அந்தப் பிரேக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதைப் பழுதாக்க ஒரு மனிதன் காலைப்பொழுது முழுவதும் மினக்கெட வேண்டியிருந்தது. ஆகவே அந்த மாற்றம் தேவையற்றது. அந்தச் செலவு வீண். தீர்ப்பிலுள்ள அந்த ஒரு வரியை நீக்கிவிடுங்கள். என் பெயரை எந்த இடத்தில் எழுதினாலும் எனக்கு ஆட்சேபணையில்லை.

இன்னொன்று. கார் உங்கள் பொலிஸ் நிலைய முற்றத்தில் களப்பைப் பார்த்தபடி வெறுமேனியாக நிற்கிறது. கச்சான் தொடங்கிவிட்டது, ஒரு படங்கு போட்டு மூடச் சொல்லுங்கள். நசுங்கிய இடப்பக்கக் கதவை எவரும் மாற்றிவிட வேண்டாம். நல்ல கைகாரன் தட்டி எடுத்துவிடுவான். மைமூனா இருந்த பக்கம் அது. அவள் ஞாபகமாக அசல் கதவே இருக்கட்டும், ஐயா. அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.