மூணடிக் குழி

அலோ... ஆரு, கோலப்பனா? ஒரக்கப் பேசுலே, கேக்கல்ல... ஆமா, பொன்னுலிங்கம் முதலாளிதான். ஓவர்சியர் மணல் குழியை அளக்க வந்தாச்சா?... இல்லியா. பின்ன எதுக்குலே ஆத்தங்கரை ரைஸ்மில்லுக்கு ஓடிவந்து போன் பண்ணுக?

என்னது... கரை இடிஞ்சு விழுந்துட்டுதா... பழையாத்துல நம்ம குழியா... ஆமா... ஆமா... உள்ள ஆரு நின்னா?... சிலுவைதாசனா.

நாந்தான் இறங்கச் சொன்னேன். குழிக்க நடுவுல தோண்டாம, ஓவர்சியர் அளக்கதுக்குன்னு விட்ட திட்டு ஆறடி நிக்குகுல்லா. அதுல டேப்பு வச்சா நாம ஆறடி தோண்டுனது தெரிஞ்சு போவும். மூணடிக்கு மேல போப்பிடாதுன்னு திருவனந்தபுரத்து சர்க்கார் உத்தரவு. லைசென்ஸ் போயிரும்லே. அதான் திட்டுக்க தலையை மூணடி வெட்டச் சொன்னேன்...

அழுது கரையாத. கேளு... கேளுங்கேன்... இடிஞ்ச மணலு எவ்வளவு நிக்குகு?... இடுப்பளவா. அப்பம் குழி மூணடி நெறஞ்சாச்சு. இப்பம் அளந்தா என்ன வரும்?... மூணடிதான. அவன் வெட்டாமலே வேலை முடிஞ்சு.

தோண்டப்பிடாது... சொன்னது கேட்டியா? ஒரு மம்பட்டி விழப்பிடாது... தெரியும்லே, உள்ள ஆளு கெடக்கான்னு தெரியும். ஓவர்சியர் கையெழுத்துப் போட்டுட்டுப் போவட்டு. பொறவு தோண்டு...

கையா?... சன்னல்ல பாத்தா வெளிய தெரியுகா... ஆடுகா?... முதல்ல ஆடிச்சு, இப்பம் நின்னுட்டுன்னா, பின்ன என்னலே அவசரம். கூட நின்ன ரெண்டு பேரையும் நாலு கடவம் மணலு அள்ளி மூடச் சொல்லு... மூடியாச்சா? இனி அவனுவ ரெண்டு பேரையும் வடசேரிக்கு அனுப்பு. வாயைத் தொறந்தா ஒரு ஆத்துலயும் வேலை கிடைக்காதுன்னு சொல்லி அனுப்பு.

பக்கத்துல ஆரு பேசுகது?... அவனுக்க பெண்டாட்டியா... கஞ்சி கொண்டு வந்தாளா. நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லல்லியே?... ம். போனை அவகிட்ட குடு.

ஞானசெல்வியா? முதலாளி பேசுகேன் மக்கா... ஆமா... ஆமா... அவனை நாந்தான் வண்டியோட தோவாளைக்கு அனுப்பினேன். சாயங்காலம் வருவான்... மம்பட்டி கரையில கெடக்கா? போட்டுட்டுப் போவச் சொன்னேன்... சட்டையுமா?... அது... புதுச் சட்டை ஒண்ணு எடுத்துக் குடுத்தேன் மக்கா. மாப்பிள்ளை மாதிரில்லா போறான்... சிரிக்கியா? நல்ல பெண்ணு. கோலப்பன்கிட்ட குடு.

கோலப்பா... ஓவர்சியருக்க ஜீப்பு வந்தாச்சா... சரி. போனை வைக்காத. ஆளை விட்டு இளநி வெட்டிக் குடு. முதலாளி சர்க்கார் சட்டத்தை ஒரு விரக்கடை தாண்டமாட்டாருன்னு சொல்லு... சன்னல்ல பாத்துச் சொல்லு, டேப்பு வைக்காரா?... மூணடி. நான் சொன்னம்லா...

கம்பி எதுக்கு?... புதுமணலு மாதிரி தெரியுகா... குத்திப் பாக்கணுமாமா...

இரு, இரு. அவ எங்க?... குழியில இறங்கிட்டாளா... அந்த மணலுக்க மேலயா... கஞ்சிச் சட்டியை வச்சுட்டு உக்காந்தாச்சா. அவன் வாறது வரை இருப்பேங்காளா...

எழுப்பாதலே. இருக்கட்டு. பொம்பள கஞ்சியோட உக்காந்திருக்க எடத்துல எந்த ஆபீசர் கம்பி குத்துவான்?... கையெழுத்துப் போட்டுட்டு மடங்கிட்டாரா... ம். நல்லதாப் போச்சு. நான் வைக்கேன்.