மூன்றாவது கார்டு

ஃபிளாஷை நேராக முகத்தில் அடிக்கக் கூடாது, சார். நேற்று உங்கள் ஏட்டையா என்னைப் படம் எடுத்தபோதே சொல்லியிருப்பேன். கைதி யோசனை சொன்னால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். நேராக அடித்தால் நெற்றி எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளக்கும், காதுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். யாரை எடுத்தாலும் தப்பு செய்தவன் மாதிரிதான் தெரிவான். உங்கள் ஸ்டேஷனில் கூரை வெள்ளை, உயரமும் குறைவு. ஃபிளாஷின் தலையை மேலே திருப்பிவிட்டால் வெளிச்சம் கூரையில் பட்டு மெத்தென்று இறங்கும். அதற்கு ஒரு செலவும் இல்லை.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லிப் பேப்பர் கொடுத்தீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் தயாளன். வயது ஐம்பத்தெட்டு. தாம்பரத்தில் இருபது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கொரோனாவில் அதை மூடிவிட்டு, சிட்லபாக்கத்தில் வீட்டின் முன்னறையையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டேன். ஒரு பக்கம் வெள்ளைத் துணி, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல், இரண்டு ஓரத்திலும் ஸ்டாண்டில் இரண்டு ஃபிளாஷ். பாஸ்போர்ட் படத்துக்கு அவ்வளவு போதும். அந்த இரண்டும் எப்போதும் தயாராகவே இருக்கும். அவற்றின் முகப்பில் கண் மாதிரி ஒரு சின்னச் சில்லு உண்டு. கேமராவில் இருக்கும் ஃபிளாஷ் அடித்ததும் அந்தக் கண் அதைப் பார்த்து, இவையும் கூடவே அடிக்கும். ஒயர் தேவையில்லை.

பென்னி வேலைக்கு வந்த முதல் நாள் இதைத்தான் கற்றுக்கொடுத்தேன். அது பதினோரு வருடத்துக்கு முன்னால். முடிச்சூரிலிருந்து வந்தான். இருபத்து மூன்று வயது, வாய் மட்டும் நாற்பது வயது.

"வேற கேமராக்காரன் அடிச்சாலும் இது அடிக்குமாண்ணா?" என்றான்.

"அடிக்கும். மின்னலுக்கு அடிக்கும். மண்டபத்துல பழைய ட்யூப் லைட் மினுக் மினுக்னு எரிஞ்சாக்கூட அடிக்கும். அந்த மாதிரி இடத்துல இந்தக் கண்ணை மூடிடணும்."

"இன்னாண்ணா இது, யார் கண்ணடிச்சாலும் இளிக்குது."

எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல பையன் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விடக்கூடாது.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தேன். கல்யாணங்களில் ஒரு ஃபிளாஷை நீளக் கோலில் மாட்டி அவன் பிடித்துக்கொள்வான். வெளிச்சம் கூடினால் பெண்ணின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கும், அப்போது அவன் பின்னால் நகர வேண்டும். மாடம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் நகரும்போது திரும்பிப் பார்த்தான். கோல் சாய்ந்து பெண்ணுக்குப் பாதி முகம் இருட்டிப் போனது. அன்றைக்கு ஒரு விதி வைத்தேன். நீ என் இடது கையை மட்டும் பார். நான் எத்தனை விரல் காட்டுகிறேனோ அத்தனை எட்டு பின்னால் போ. உனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பு. சாம்பார் வாளிக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் பதினோரு வருடம் அப்படிப் பின்னால் நடந்திருக்கிறான். ஒரு தடவைகூட எதிலும் இடித்ததில்லை.

என் மனைவி டெபோரா ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகராக இருந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. போன வருடம் மார்ச்சில் அவளுக்குப் புற்றுநோய் என்று சொன்னார்கள். மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது, கன்னம் ஒட்டியது. ஆனாலும் அவள் கண்கள் அப்படியே இருந்தன. ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கேமராவை எடுத்தேன்.

"ஏங்க, அதக் கீழ வைங்க," என்றாள். "இந்த மூஞ்ச நீங்க பார்த்தாப் போதும். கேமரா பார்க்க வேணாம்."

வைத்துவிட்டேன். நாற்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான பெண்களை எடுத்தவன், என் மனைவி வேண்டாம் என்றதும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் தலையில் கட்டிய துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வேண்டாம் என்பாள். கட்டாயப்படுத்தியதில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

ஆல்பம் அச்சுக்குக் கொடுக்கக் கூடுவாஞ்சேரி போக வேண்டியிருக்கும். வாரத்தில் மூன்று மதியம் நான் வீட்டில் இருக்கமாட்டேன். அப்போது பென்னியை அவளுக்குத் துணையாக வைத்தேன். வைத்தது நான்தான். தெருவைப் பார்க்கலாம் என்று அவள் முன்னறையில்தான் உட்காருவாள். கண் சோர்ந்துபோகிறது என்று அவனைப் புத்தகம் படித்துக் காட்டச் சொல்வாளாம். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டிப் படிப்பான்.

"உங்க பென்னி இன்னைக்கு ராஜகுமாரிய ராஜா குமரின்னு படிச்சுக் கன்னியாகுமரி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டான்," என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதே நாள்தான் என்று நினைக்கிறேன், "இந்த ட்யூப் லைட்டப் போட்டா உசுரு வர்றதுக்குள்ள விடிஞ்சிடுது, மாத்துங்களேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறேன் என்றேன். எத்தனையோ வேலை, மறந்துபோனேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பக்கத்துத் தெரு மஹாலட்சுமி பாஸ்போர்ட் படத்துக்கு வந்தாள். ஃபிளாஷ் அடிக்கவில்லை. இரண்டிலும் பேட்டரி தீர்ந்திருந்தது. ஞாயிறன்று முழுச் சார்ஜ் போட்டவன் நான். நடுவில் ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. சும்மா நிற்கிற ஃபிளாஷ் நாலு நாளில் தீராது, சார். அது பல தடவை அடித்திருக்க வேண்டும். அது அடிக்க வேண்டுமானால் அந்த அறையில் இன்னொரு ஃபிளாஷ் அடித்திருக்க வேண்டும். நான் இல்லாதபோது அந்த வீட்டில் இன்னொரு கேமரா யாரிடம் இருந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நான் உடனே முடிவு கட்டவில்லை. நவம்பரில் மழை இருட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் சீக்கிரமே திரும்பினேன். கேட்டுக்கு வெளியே பென்னியின் வண்டி நின்றது. நான் குடையை மடக்கும்போது முன்னறைத் திரைக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு வெள்ளை வெளிச்சம். உடனே இன்னொன்று. நாற்பது வருடம் பார்த்த வெளிச்சம், எனக்குத் தெரியாதா.

உள்ளே போனேன். டெபோராவின் தலையில் துணி இல்லை. என்னைப் பார்த்ததும் எடுத்துக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும், சார். பென்னி மடியில் இருந்த புத்தகத்தை மூடினான். அவன் கேமரா பை காலடியில் இருந்தது. மேலே ட்யூப் லைட் இன்னும் பிடிக்காமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களாண்ணா? நனைஞ்சிட்டீங்களே," என்று துண்டை எடுத்துக் கொடுத்தான். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். டெபோராவைப் பற்றி அப்படி ஒரு நொடிகூட நான் நினைத்ததில்லை. எனக்குக் கொடுக்க மறுத்த முகத்தை அவனுக்குக் கொடுத்தாள், அவ்வளவுதான். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. ஆனாலும் அவளிடம் கேட்கவில்லை. நோயாளியை எப்படிக் கேட்பது.

டிசம்பர் ஒன்பதாம் தேதி அவள் போய்விட்டாள். எங்கள் சபையில் அடக்கத்துக்கு முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். கேமராவைப் பென்னியிடம் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை.

"வேணாண்ணா. அக்கா வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"உன்கிட்டயா சொன்னா?"

"ஆமாண்ணா. போனப்புறமும் எடுக்க வுடக் கூடாதுன்னு சொன்னாங்க."

போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட அவனிடம்தான் சொல்லிவைத்திருந்தாள். நினைவு அட்டைக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தைப் போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் நல்ல படம் என்றார்கள். அது வேறு யாரோ மாதிரி இருந்தது. கடைசி மாதங்களில் அவள் எப்படி இருந்தாள் என்பது எனக்கு மெல்ல மெல்ல மறக்க ஆரம்பித்தது. அவன் தானாகக் கொண்டுவந்து கொடுப்பான் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். ஜாடையாகவும் கேட்டுப் பார்த்தேன். "எந்தப் படம்ணா?" என்றான்.

பிப்ரவரியில் கூடுவாஞ்சேரியில் புதிதாகக் கட்டும் ஐந்து மாடிக் குடியிருப்பைப் படம் எடுக்கச் சொன்னார்கள். மொட்டை மாடியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்க, பின்னால் அந்தி வானம் தெரிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. முதல்நாள் சாயங்காலம் வெளிச்சம் பார்க்க நாங்கள் இருவர் மட்டும் போனோம். முன்பக்கம் கைப்பிடிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பின்பக்கம் இன்னும் எழுப்பவில்லை. மேலே ஏறிய உடனே அதைப் பார்த்துவிட்டேன். பின்னால் இருப்பதைப் பார்ப்பது என் பொறுப்பு அல்லவா.

குடும்பத்துக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்தேன். அவன் கோலில் ஃபிளாஷை மாட்டி, பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம் வைத்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய் நின்றான். இரண்டு படம் எடுத்தேன். நாற்காலி வெளுத்தது. அப்போதுதான் கடைசியாகக் கேட்டேன்.

"பென்னி, அக்காவ எடுத்த படத்தக் குடுத்துடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"அய்யோ அண்ணா, அவங்க எங்க எடுக்க வுட்டாங்க? நான் பொஸ்தகம்தான் படிச்சுக்கினு இருந்தேன். நீங்க தூங்கறீங்களா இல்லியா? மூஞ்சே செரியில்ல. நாளைக்கு இத நான் பார்த்துக்கறேன், நீங்க வூட்ல இருங்க."

கோபமே இல்லாமல் சொன்னான். என்னை ஏமாற்றுகிறவன் என்மேல் அக்கறைப்படுவதுதான் தாங்கவில்லை.

"வெளிச்சம் கூடுது," என்றேன்.

இடது கையைத் தூக்கினேன். அவன் கையைப் பார்த்தான். இரண்டு விரல் காட்டினேன், இரண்டு எட்டு போனான். மறுபடி இரண்டு. கோல் கொஞ்சமும் சாயவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். பிறகு ஒரு விரல் காட்டினேன். அந்த ஒரு விரலுக்கு அவன் திரும்பிப் பார்த்திருக்கலாம். அவனுக்கு அந்தச் சந்தர்ப்பம் இருந்தது. பார்க்கவில்லை.

பழக்கத்தில் பட்டனையும் அழுத்திவிட்டேன். படத்தில் நாற்காலி இருட்டாக விழுந்திருக்கிறது.

தவறி விழுந்ததாகத்தான் எழுதிக்கொண்டீர்கள். உங்கள் மேல் குறை இல்லை. நானும் அழுதேன், அது பொய் அழுகை இல்லை. அவன் அம்மா ரத்தினபாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள விட்டா எனக்கு யாரு சார், அவனுக்கு நல்லதா ஒரு படம் எடுத்துக் குடுங்க" என்றார்கள். எடுத்தேன். அவர்கள் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதில் பட்டு வெளிச்சம் சரியாக இறங்காது. அதனால் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பெட்டிக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். அந்த அம்மாதான் பிடித்தார்கள், கை நடுங்காமல். படம் நன்றாக வந்தது. வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று நீங்களே எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும். ஆனால் காரணம் அது இல்லை. பென்னியின் பையை அன்றைக்கே நீங்கள் எடுத்துப்போய்விட்டீர்கள். அதில் இருக்கும் மெமரி கார்டுகளைக் கேட்டு மூன்று மனு போட்டேன். சொந்தக்காரர்களுக்குத்தான் தருவோம் என்றார்கள். கொலை வழக்காகிவிட்டால் கார்டுகளை முழுக்கப் பார்த்தே ஆக வேண்டும் அல்லவா. அதனால் வந்தேன்.

நேற்று மாலை நீங்கள் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். இரண்டு கார்டு. ஒன்றில் ஒரு காதுகுத்து, இன்னொன்றில் அவன் அம்மாவும் ஏரியும். அவ்வளவுதான் என்றீர்கள். அழித்த படங்களைக்கூட எடுத்துப் பார்த்தோம், உங்கள் மனைவி எதிலும் இல்லை என்றீர்கள்.

ஒன்றை மறைத்துவிட்டேன் என்று இருக்க வேண்டாம், அதையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் ஒரு மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. டெபோராவின் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பாதியில் வைத்த புத்தகத்தை எடுத்தேன். எழுத்து தெரியவில்லை. ட்யூப் லைட்டைப் போட்டேன். அது மினுக்கியது. இரண்டு ஓரத்திலும் ஃபிளாஷ் அடித்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் அடித்தது. பதினோரு தடவை போட்டுப் பார்த்தேன். ஒன்பது தடவை அடித்தது.

அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, சார். இப்போது அந்த ட்யூப் ரொம்பப் பழசாகிவிட்டது. அவள் இருந்தபோது அது இவ்வளவு மோசமில்லை, அப்படி இருந்திருந்தால் நான் மாற்றியிருப்பேன். அதனால் மூன்றாவதாக ஒரு கார்டு நிச்சயம் இருக்கும். முடிச்சூரில் அவன் வீட்டிலும் தேடச் சொல்லுங்கள். அதில் அவள் தலையில் துணியில்லாமல், என்னைப் பார்க்காமல், சிரித்துக்கொண்டிருப்பாள்.