எங்கள் ‘புரியல’வுக்குக் காத்திருந்த அம்மாவுக்கு

அல்ஜீப்ராவின் வாசலில் அஞ்சி நிற்கும் பிள்ளைகளுக்கு அச்சம் அகற்றும் பாடங்களை ஆக்கித் தந்த அன்னையே! பத்தொன்பது ஆண்டுகள் இந்த அறநிறுவனத்தின் படிகளை ஏறி இறங்கியே தேய்த்தவரே! கணக்கையும் கனிவையும் ஒரே கையால் எழுதிய எங்கள் பாட ஆசிரியை அவர்களே! வணக்கம்.

மூட்டை சுமந்த தோளும், நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டிய நாவும் உடையவன் நான். உங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்க இம்மடலை எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

நீங்கள் எழுதிய எந்தப் பாடமும் நேரே அச்சுக்குப் போனதில்லை. முதலில் கீழே, நாங்கள் மூவர் புத்தகக் கட்டு கட்டும் அறைக்குத்தான் வரும். காகிதக் கட்டின்மேல் அமர்ந்து, “புரியலன்னா புரியலன்னு சொல்லுப்பா, வெக்கப்படாத” என்பீர்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்து நின்ற நாளில், “எழுத்தே இப்பத்தாம்மா எனக்குப் பிடிபட்டுச்சு, அதையும் எண்ணாக்கிட்டா நான் எங்க போவேன்?” என்று அலறினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு அந்தப் பாடத்தை அடியோடு மாற்றி எழுதினீர்கள்.

அம்மா, சபையறிய ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐந்திலிருந்து மைனஸ் மூன்றைக் கழித்தால் எட்டு என்றது ஒரு பாடம். கழித்தால் எப்படிக் கூடும் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் அந்த வாரம் ஆட்குறைப்புப் பேச்சு. விளங்காதவனைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று பயந்து, “நல்லாப் புரியுதும்மா” என்று தலையாட்டிவிட்டேன். நாலாயிரம் பிரதிகள் போயின. பிள்ளைகள் அதே பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். நிர்வாகக் குழுவின் முன்னே, “தப்பு என்னோடதுதான்” என்றவர் நீங்கள். தப்பு என்னுடையது, அம்மா.

இனிப் பாடங்கள் மாடியிலிருந்து நேரே அச்சுக்குப் போகும் என்று புதிய பொறுப்பாளர் ஐயா சொல்லிவிட்டார். இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார். அப்படி நேற்று அச்சாகி வந்த பின்னப் பாடத்தை நாங்கள் மாறி மாறி வாசித்தோம். பிடிபடவில்லை. “ஐயா, இது எங்களுக்குப் புரியல. நீங்க சொல்லிக்குடுக்குற வரைக்கும் கட்ட மாட்டோம்” என்று இன்று காலை சொன்னோம். ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடியேறிப் போனார். நாளை எங்களுக்கு வேலை உண்டா என்று தெரியாது. ஆயினும் தாள்கள் கட்டப்படாமலே கிடக்கின்றன, அம்மா.

ஓயாது உழைத்த உடல் ஓய்வு கண்டு, நோயறியாது நூறாண்டு வாழ்க!

நடுக்கத்தோடும் நன்றியோடும்,
கட்டு கட்டும் அறையின் மூவர்