பூவாயி வெள்ளிக்கிழமைதோறும் பேசினாள்

ஏசியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க தம்பி, முழங்கால்ல குளிரு ஏறுது. ம், இது போதும். எம்பசி டீ நல்லாத்தான் இருக்கு.

விஜிய அடிச்சீங்களான்னு கேட்டீங்க. இல்ல. பட்டினி போட்டீங்களான்னு கேட்டீங்க. எங்க வீட்டுக்கு வேலைக்கு வரும்போது குச்சி மாதிரி இருந்தா. இப்பப் பாருங்க, கன்னம் வெச்சிருக்கு. இந்த ஃபஹாஹீல் ஊர்ல எந்த வீட்டுல வேலைக்காரப் பொண்ணுக்கும் அதே பிரியாணிய வைக்கிறாங்க?

இதெல்லாம் என் பேத்தி நஜீஹாவோட ஸ்கூல் டிராமாலதான் ஆரம்பிச்சுது. ஏதோ கிரேக்கக் கதையாம். ஹேடிஸ்னு ஒருத்தரு, செத்தவங்களுக்கு ராஜா, பூமிக்கடியில இருக்காரு. பூப் பறிச்சுக்கிட்டு இருந்த பெர்செபோனிங்கற பொண்ண ரதத்துல தூக்கிட்டுக் கீழ போயிட்டாரு. மேல அவ அம்மா தேடி அலையுறா, பயிரெல்லாம் காஞ்சு போகுது. பொண்ணத் திருப்பி அனுப்புன்னு உத்தரவு வருது. சரின்னுட்டு, கெளம்பும்போது கொஞ்சம் மாதுள முத்து குடுக்காரு. அவ தின்னுட்டா. அந்த ஊரு சாப்பாட்டத் தின்னவங்க முழுசா வெளிய போக முடியாதாம்.

நஜீஹாதான் பெர்செபோனி. அவளுக்குப் பாவாட தச்சுக்கிட்டே விஜி கேட்டா: "ஏன் பெரீம்மா, அந்தப் புள்ளைக்கு வெவரம் இல்லையா? வாய மூடிக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"பசிச்சாத் தின்னத்தான் செய்வா. அவரு ஒண்ணும் கைய முறுக்கி ஊட்டலையே."

"நல்ல ஆளு நீங்க. தூக்கிட்டுப் போனவனுக்கே வக்காலத்து வாங்குறீங்க"ன்னு சிரிச்சா.

எனக்கு அந்த ஹேடிஸ் மேல பெரிய தப்பு தெரியல தம்பி.

விஜிக்கு லீவு வந்திருந்துச்சு. என் மகன் சாகிர் டிக்கெட்டும் போட்டுட்டான். அப்பத்தான் அவ அண்ணன் அழகுமலை என் போனுக்குக் கூப்பிட்டான். விஜிகிட்ட போன் கெடையாது, அது எங்க வீட்டு வழக்கம். ஊர்லேருந்து எது வந்தாலும் எனக்குத்தான் வரும், வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு போட்டுக் காட்டுவேன். "அம்மாவுக்கு மூச்சு எளைக்குதும்மா. விஜியப் பாக்கணும்னே கெடக்கு. சீக்கிரம் அனுப்பி விடுங்க"ன்னான். சரிப்பான்னேன்.

ஆனா அப்படிப் போறவ திரும்பி வருவாளா? மருமக ரம்ஸியாவுக்கு ஆஸ்பத்திரி டூட்டி. எனக்கு யாரு கால் தேச்சு விடுவா? சாகிர்கிட்ட, விஜி அடுத்த வருஷம் போறாளாம், டிக்கெட்டக் கேன்சல் பண்ணுன்னேன். விஜிகிட்ட, டிக்கெட் கெடைக்கல, உங்கம்மா சௌக்கியந்தான்னேன்.

அடுத்த வாரமே அவ அம்மா பூவாயி போயிருச்சு. அழகுமலை போன்ல கதறுனான். விஜியால வர முடியாது, எடுத்துருங்கன்னு நாந்தான் சொன்னேன். அழுது மயங்கிக் கெடக்கா, பேசுற நெலமையில இல்லன்னும் சொன்னேன். விஜி அப்ப கிச்சன்ல பாடிக்கிட்டே மீன் கழுவிக்கிட்டு இருந்தா.

வெள்ளிக்கிழம வந்து நின்னா. "அம்மா ஏதாச்சும் பேசிச்சா பெரீம்மா?"

பூவாயியோட வாய்ஸ் மெசேஜ் என் போன்ல நெறையக் கெடந்துச்சு. பாதிக்கு மேல நான் போட்டுக் காட்டாதது. எல்லாத்தையும் கேக்க விட்டா வேல கெடும்ல. அதுல ஒண்ணப் போட்டேன். "தாயி, செவல மாடு கன்னு போட்டுருச்சு. ஒங்கண்ணன் சீம்பால ஒத்த ஆளா முழுங்கிட்டான்"னு பூவாயி பேசுச்சு. விஜி விழுந்து விழுந்து சிரிச்சா. பதிலும் பேசுனா. அத நான் அனுப்பாம அழிச்சுட்டேன்.

அப்புறம் வாரம் ஒண்ணு. ரம்ஜான் போயி பக்ரீதும் போயிருச்சு. அந்த ராஜா ஊர்ல ஒரு ஆறு இருக்காம், அந்தத் தண்ணியக் குடிச்சா மேல இருக்குற எல்லாரையும் மறந்துருவாங்களாம். நான் அப்படியா செஞ்சேன்? பெர்செபோனிக்குக் கெடைக்காத அம்மா கொரல வாராவாரம் கேக்க வெச்சேன்.

ஒரு வெள்ளி நான் தொழுகையில நிக்கும்போது, விஜி என் போன எடுத்துப் பேசி அவளே அனுப்பிட்டா. செத்துப்போன அம்மாகிட்ட தங்கச்சி கன்னுக்குட்டிக்குப் பேரு சொல்றதக் கேட்டுட்டு, அம்மா போன வெச்சிருந்த அழகுமலை உங்ககிட்ட புகார் குடுத்துட்டான்.

விஜி வெளிய உக்காந்திருக்கா. எல்லாம் தெரிஞ்சு போச்சு, என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. ஆமா தம்பி, நாந்தான் செஞ்சேன். கையெழுத்துப் போடுறேன்.

ஆனா இதையும் எழுதிக்குங்க. பூவாயி கடைசியா அனுப்புன மெசேஜ் ஒண்ணு இருக்கு. மூச்சு வாங்க, "தாயி, ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிரு"ன்னு கேக்கும். அத மட்டும் நான் ஒரு நாளும் போட்டுக் காட்டல. பெத்தவ அப்படிக் கேட்டா எந்தப் பொண்ணு தாங்குவா? எனக்கும் எரக்கம் இருக்குல்ல.