டெல்மரின் அசல் பாம்புகள்

பாம்புகளுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. டெல்மர் குவிக் வைப்பான். தன் சோளப் பாம்புகளுக்கெல்லாம், அதாவது வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத அந்த இனத்துக்கெல்லாம், செத்துப்போன அத்தைமார்களின் பெயர். வேறு இனம் கலக்காமல் இருபத்திரண்டு வருடம் வளர்த்த வம்சம். ஃபுளோரிடாவில் எங்கள் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில், அதைப் பற்றிப் பேசாமல் அவனால் ஒரு டோனட் தின்ன முடியாது.

நான் வெர்னா, அந்தச் சங்கத்தின் இனத் தூய்மைக் குழுத் தலைவி. கலப்புப் பாம்பை அசல் என்று சொல்லிக் கொடுப்பது அநியாயம் என்று வருடாவருடம் பேசியவள். இன்றும் என் கருத்து அதுதான். நீங்கள் இப்போது என்னை விசாரிக்க வந்திருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கூட்டத்தில் டெல்மர் சொன்னான்: "கலப்பா? பத்தடி தள்ளி நின்னே நான் சொல்லிடுவேன். நம்ம வெர்னா மடியில போட்டுப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரமே வேலையைத் தொடங்கினேன்.

கலக்க நான் எடுத்தது கிங் பாம்பு என்ற வேறு இனம்; அது மற்ற பாம்புகளைத் தின்னும். சோளப் பாம்பை அதனிடம் மணப்பெண்ணாக அனுப்பினால் மதியச் சாப்பாடாகிவிடும். அதனால் ஒரு பெண் கிங் பாம்பு உரித்த சட்டையை நனைத்து, என் சோளப் பாம்பின் உடம்பெல்லாம் தேய்த்தேன். மாப்பிள்ளை முகர்ந்து பார்த்தார், நம்பிவிட்டார். பொரிந்த குட்டிகளை வளர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை சோளப் பாம்போடு சேர்த்தேன். ஒன்பதாம் வருடம் அசல் போலவே ஓர் ஆண் கிடைத்தது. டெல்மரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கண்கலங்கினான். "அசல்னா இது அசல். இவன்தான் இனிமே என் வீட்டு மாப்பிள்ளை, வெர்னா."

நான்கு வருடம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"நேத்துப் பெட்டியில பதினோரு குட்டி இருந்துச்சு. இன்னைக்கு ஏழுதான் இருக்கு. அதுல நாலு ரொம்ப குண்டா இருக்கு."

"மூடியைச் சரியாப் போட்டியா?"

"ஆறுன்னு வச்சுக்க. இப்ப ஒண்ணோட வாயில இன்னொண்ணோட வாலு தெரியுது."

அவனிடம் குட்டி வாங்கியவர்களும் புகார் கொடுத்தார்கள். பரிசோதனையில் கலப்பு என்று வந்தது. சங்கம் அவன் மேல் வைத்த விசாரணைக்கு நான்தான் தலைமை.

டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் கலக்கல, வெர்னா. உனக்கே தெரியும்."

தெரியும். கலப்பை அசல் என்று விற்றவரை நீக்கலாம் என்ற விதிமுறையை நிதானமாக வாசித்தேன். அவனை நீக்குவதா வேண்டாமா என்று வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்து நின்றன. என் வாக்கில் அவன் வெளியே போனான்.

ஆமாம், கலந்தவள் நான். அதை அவன் வீட்டில் சேர்த்தவளும் நான். ஆனால் அன்று எனக்கு எவ்வளவு வேதனை என்று யாரும் கேட்கவில்லை. பதினைந்து வருட நண்பன் என்பதற்காக விதியை வளைத்திருக்கலாம். வளைக்கவில்லை. சங்கத்தில் ஒருவராவது நேர்மையாக இருக்க வேண்டாமா?