உள்ளே யாரும் இல்லை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஐயா. எங்கே போனாலும் பஸ்தான். ஆனால் கொரியாவின் டேகு நகரத்தில் கார்களைத் தட்டில் தூக்கி அடுக்கடுக்காக நிறுத்தும் கோபுரங்களுக்கு விதி எழுதியவன் நான். ஆட்கள் வாய்ப்பேச்சில் கேட்பதைத் தர்க்கச் சூத்திரமாக மாற்றுவேன். விபத்து நேரவே நேராது என்று கணினி அதை வைத்து நிரூபித்துத் தரும்.

வண்டிக்குள் ஆள் இருந்தால் தட்டு நகரக் கூடாது. கேட்கச் சுலபம். ஆள் இருப்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஊழியர் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார் என்றார் மேலாளர். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரே கோபுர ஊழியரான யாங் சிரித்துவிட்டார்.

"எங்க சார் எட்டிப் பாக்குறது? மழை பெஞ்சா பின்னாடி வரிசையா ஹார்ன் அடிச்சே உசுர வாங்குவானுங்க. அமுக்கிட்டுப் போயிட்டே இருப்போம். ஆள் இருக்கான்னு மிஷினே பாக்குற மாதிரி ஏதாச்சும் வெச்சுக் குடுங்க."

"பாத்துக்கறேண்ணே," என்று தலையாட்டினேன். வெளியே மெஷினில் காப்பி பிடித்துக் கொடுத்தார். குடித்தேன்.

அவர் சொன்னதைச் சேர்த்ததும் நிரூபணம் உடைந்தது. அதை வெளியே சொன்னால் ஆளைக் கண்டறியும் சென்சார் வாங்க வேண்டும், வேலை தள்ளிப்போகும், மேலாளர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். யாங்கின் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினால் உள்ளே யாரும் இல்லை என்று ஓர் அனுமானம் போட்டேன். நிரூபணம் ஒரே மூச்சில் முடிந்தது. அன்று பன்றி இறைச்சி வாட்டி, சோஜு மது ஊற்றி என்னைத்தான் கொண்டாடினார்கள்.

நவம்பர் மழையில், பின்சீட்டில் மறந்துவிட்ட கிம்ச்சி ஊறுகாய் டப்பாவை எடுக்க ஒரு பெண் மறுபடி வண்டிக்குள் ஏறினாள். சோல்-ஹீ என்று பெயர். பின்னால் ஹார்ன். யாங் அழுத்தினார். தட்டு அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிற்று. கதவைத் திறந்து கால் வைத்தவளுக்குக் கீழே தரை இல்லை.

நீதிமன்றத்தில் என் நிரூபணத்தைக் காட்டினேன். இயந்திரத்தில் பிழை இல்லையென்றால் பிழை யாங்குடையது. முன்பே சொன்னேனே என்றார் அவர். என்னைக் கேட்டார்கள். எங்கள் ஆவணத்தில் அப்படி ஒரு வாக்கியமே இல்லை என்றேன். அது உண்மை. ஆவணத்தை எழுதியவன் நான்.

"சார், நீங்க தலையாட்டுனீங்களே," என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. உள்ளே போய்விட்டார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. இப்போதெல்லாம் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய வெட்கமாக இருக்கிறது.

யாங்குடைய மேல்முறையீடு வருகிறது என்றுதான், அவர் வக்கீலான உங்களைத் தேடி வந்தேன். ஆனாலும், ஐயா, அன்று நான் பொய் சொல்லவில்லை என்று இப்போதும் என்னால் நிரூபிக்க முடியும். ஒரே ஓர் அனுமானம் போதும்: யாங் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.