காலியான படிக்கட்டு

டிவிடியில் படத்தைப் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நிறையப் படத்தை ஒரே தட்டில் திணிக்கிறார்கள். தட்டின் கொள்ளளவு மாறாது. படம் நீள நீள, ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் இடம் குறையும். முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். தரம் கெடக் கூடாது என்றால் நீளத்தைக் குறைக்க வேண்டும். நான் செய்தது அவ்வளவுதான்.

நான் இயற்பியல் படித்தவள். நொய்டாவில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்குப் பாட வீடியோக்களை எடிட் செய்கிறேன். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் செயலாளர் ரங்கராஜன் மாமா என்னிடம் வந்தார். எதிர்வீட்டு அபூர்வா மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறந்த மறுநாள் அது. அவளுக்கு நாலு வயது. மாடிக்கதவுக்கு எதிரே உள்ள கேமராவின் அன்றைய காலைப் பதிவை போலீஸ் டிவிடியாகக் கேட்டிருந்தது.

"மொகம் தெளிவா இருக்கணுமாம்மா. கோர்ட்டுக்குப் போறது," என்றார்.

யாருடைய முகம் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் பொன்னியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னி அந்த வீட்டில் வேலை செய்துகொண்டு அபூர்வாவையும் பார்த்துக்கொண்டவள். தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, ஊரின் மறுகோடியில் நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்தாள், தினமும் தாமதம். அன்றும் குழந்தையின் அம்மா திட்டியிருந்தார். அந்தக் கோபத்தில் மாடிக்கதவை வேண்டுமென்றே பூட்டாமல் விட்டாள் என்பது வழக்கு.

பதிவில் பொன்னி ஈரத்துணி வாளியோடு மேலே போகிறாள். வெறும் வாளியோடு வருகிறாள். கதவைச் சாத்துகிறாள். அவள் முதுகு பூட்டை மறைக்கிறது. பூட்டினேன் என்று கடைசிவரை சொன்னாள். அது உண்மை. பூட்டியிருந்ததால்தான் எனக்குச் சாவி தேவைப்பட்டது. மாடிச்சாவி எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு.

அன்று பொன்னி இறங்கிப் போன பிறகு, ஜனவரி வெயிலில் தலை உலர்த்த மாடிக்குப் போனேன். திரும்பி வந்து கதவைச் சாத்திப் பூட்டைக் கையில் எடுத்தபோது அபூர்வா தனியாகப் படியேறி வந்தாள். பொன்னி அப்போது கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம்.

"தீதி, மேல குரங்கு இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

பொய் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. பூட்டினால் அவள் அழுவாள். ஆட்கள் வருவார்கள். நான் பேச வேண்டியிருக்கும். எனக்குப் பேச வராது. பூட்டைக் கொக்கியில் திறந்தபடியே தொங்கவிட்டு, சுவரோரம் ஒதுங்கி இறங்கிவிட்டேன்.

எடிட் செய்யும்போது காலியான படிக்கட்டையெல்லாம் வெட்டினேன். ஆளில்லாத நேரமும் தட்டில் அதே இடத்தை அடைக்கும். நான் இருந்த பகுதியும் அதோடு போயிற்று. இந்தக் குடியிருப்பில் நான் நிற்கும் இடம் எப்போதும் காலியாகத்தான் தெரிந்திருக்கிறது. தட்டில் பொன்னி கதவைச் சாத்துகிறாள். அடுத்து, குழந்தை அதைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போகிறது. படத்தின் ஓரத்தில் ஓடும் நேரம் ஏன் தாவுகிறது என்று அதிகாரி கேட்டார். யாரும் இல்லாத பகுதியை எடுத்துவிட்டோம் என்று மாமா சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மூலப் பதிவை நான் அழிக்கவில்லை. கேமராப் பெட்டி பழையதன் மேல் தானாகவே புதியதை எழுதிக்கொள்ளும். காத்திருந்தேன்.

பொன்னிக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே சிறையில் மஞ்சள் காமாலை வந்து இறந்தாள்.

போன மாதம் அவள் மகள் பிரபா வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்றாள். கேம்ப் இடிந்ததில் இருந்த ஒன்றிரண்டு போட்டோவும் போய்விட்டதாம். மாலை போட ஒரு படம் இல்லை.

"அந்த வீடியோல அம்மா மொகம் நல்லா தெரியுதுன்னு வக்கீல் சொன்னாருக்கா. அதுலேர்ந்து ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?"

என்னிடம் இருந்த டிவிடி நகலோடு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். வெறும் வாளியோடு பொன்னி கேமரா பக்கம் திரும்பும் ஒரு கணம் கிடைத்தது. பெரிதாக்கியும் உடையவில்லை. மூக்குத்திகூடத் தெரிந்தது. பிரபா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க இல்லேன்னா இதுவும் இல்லக்கா."

இதையெல்லாம் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு நான் எதையும் மறுத்ததில்லை. மாமா டிவிடி கேட்டார், கொடுத்தேன். பிரபா படம் கேட்டாள், கொடுத்தேன். அபூர்வாவுக்கும் அன்று வழிதானே விட்டேன்.